வாரியத்தின் பூஜ்யர்

மணி அடித்தது.

தீயணைப்பு நிலையத்தில் மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். பெரியவண்டி அப்போது முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் பளபளப்பாகவும் மறு கன்னம் நுரையாகவும் ஓடிவந்து ஓட்டுநர் இருக்கையில் தாவி ஏறினார். ஆள் சிறியவர்தான். நிலையத்தின் பெரிய வண்டியை ஓட்டுவதால் அந்தப் பெயர். சின்ன வண்டியை ஓட்டுகிறவர் ஆறடிக்கு மேல் உயரம். அவரைச் சின்னவண்டி என்று கூப்பிடுவார்கள்.

சாவியைத் திருகினார். வண்டி உறுமவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் தேன் தடவிக்கொண்டு பேசியது.

"வணக்கம். இந்த நொடியில் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது? ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு எண்ணைச் சொல்லுங்கள்."

பெரியவண்டி திரும்பிப் பார்த்தார். "யாருய்யா அது, பொம்பளைப் பிள்ளையை வண்டியில ஏத்தினது?"

"புதுப் பெட்டிண்ணே," என்றார் பின்னாலிருந்த சின்னவண்டி. "நேத்து சாயங்காலம் மன அளவை வாரியத்துலேருந்து வந்து மாட்டிட்டுப் போனாங்க. பொதுமக்களுக்காக வேலை பார்க்கிற எல்லாருக்கும் மனசை அளக்கறாங்களாம். பதில் சொன்னாத்தான் வண்டி கிளம்பும்."

"பரவாயில்லை," என்றார் பெரியவண்டி, பெட்டியிடம்.

"மன்னிக்கவும். 'பரவாயில்லை' என்ற எண் எங்களிடம் இல்லை."

"அட, பரவாயில்லைம்மா. வண்டியை விடு."

"உங்கள் குரலில் வருத்தம் தெரிகிறது. காரணம் குடும்பமா, உடல்நலமா, அலுவலகமா?"

"நெருப்புண்ணே, நெருப்பு," என்று பின்னால் கத்தினார்கள். "ஏழுன்னு சொல்லித் தொலைங்க."

"ஏழு."

"மிகுந்த மகிழ்ச்சி," என்றது பெட்டி. சற்று யோசித்தது. "தீ விபத்துக்குச் செல்லும்போது மிகுந்த மகிழ்ச்சி ஏற்படுவது கவலைக்குரியது. கண்களை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுங்கள். வண்டியில் உள்ள அனைவரும்."

தலைக்கவசமும் கோடரியுமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார்கள். ஒருவர் அவசரமாக விட்டுவிட்டதால் எல்லோரும் முதலிலிருந்து விட வேண்டியிருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சலவைக் கடைக்காரர் நெருப்பைத் தானே அணைத்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். பெரியவண்டியின் கன்னத்தை ஒரு நோட்டம் விட்டார்.

"வாங்க. அந்தப் பக்கத்தையும் முடிச்சுட்டே வந்திருக்கலாமே. என்ன அவசரம்?"

இரண்டு நாள் கழித்து வாரியத்திலிருந்து ஆணை வந்தது. நிலைய அதிகாரி அதை எழுந்து நின்று படித்தார். அவர் எந்த ஆணையையும் எழுந்து நின்றுதான் படிப்பார், தனியாக இருந்தாலும்.

"ஓட்டுநரின் மனம் அளவீட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. அளக்கப்படாத மனத்தை அரசு வாகனத்தில் ஏற்றிச் செல்வது ஆபத்து. அளந்து முடிக்கும்வரை அவர் வண்டியைத் தொடக் கூடாது. இந்த மாதக் கடைசிக்குள் அளவு கிடைக்காவிட்டால், குழாய்க் கிடங்குக்கு நிரந்தரமாக மாற்றப்படுவார்."

குழாய்க் கிடங்கில் என்ன வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். சுருட்டிய குழாயை விரித்துக் காயவைக்க வேண்டும். காய்ந்த குழாயைச் சுருட்டி வைக்க வேண்டும்.

"சார், எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியிலேருந்து இந்த வண்டியை ஓட்டறேன்."

"அப்ப இத்தனை நாளா என்ன மனசோட ஓட்டினீங்கன்னு யாருக்குமே தெரியலை பாருங்க," என்றார் அதிகாரி. "நினைச்சாலே எனக்கு உடம்பு நடுங்குது."

பெரியவண்டிக்கு உலகத்தில் பெரிய ஆசைகள் கிடையாது. வீட்டில் அவர் பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடையில் வரிசையில் நின்றால் பின்னால் வந்தவர் முன்னால் போய்விடுவார். ஆனால் அந்தச் சிவப்பு வண்டி வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பும்போது மட்டும், மொத்தப் போக்குவரத்தும் இரண்டாகப் பிளந்து ஓரமாக ஒதுங்கும். காரில் போகிற பெரிய மனிதர்கள் எல்லாம் அவருக்கு வழிவிடுவார்கள். வாழ்க்கையில் அவர் கேட்டது அந்த ஒரு திருப்பம்தான்.

மனைவியிடம் சொன்னபோது அவள் மருந்துக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாள் முழுக்க மற்றவர்கள் தலைவலிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வருபவள்.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கான்னு நானும் ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கேன். அவங்க கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

"கிண்டல் பண்ணாதே. மாசக் கடைசிக்குள்ள அளவு வரலைன்னா குழாய் சுருட்டணும்."

"போய் ஒரு எண்ணைச் சொல்லிட்டு வாங்களேன். அஞ்சுன்னா அஞ்சு. என்ன குறைஞ்சுடுவீங்க?"

"எனக்கு அஞ்சாவும் இல்லை, மூணாவும் இல்லையே. பரவாயில்லாமதானே இருக்கு?"

அங்கே உட்கார்ந்திருந்த மனைவியின் தம்பி எழுந்தான். வாரியம் எந்தக் கட்டடத்துக்கு மாறினாலும் அதன் எதிர்ப்புறத்தில் அறை பிடித்துப் பயிற்சி மையம் நடத்துகிறவன். மையத்தின் பெயர் 'இயல்பு'.

"மாமா, வாரியத்துல தேறணும்னா இயல்பா இருக்கணும். எங்க மையத்துல ஆறு வாரப் பயிற்சி இருக்கு. முதல் வாரம் இயல்பா உட்கார்றது. ரெண்டாம் வாரம் இயல்பா சிரிக்கறது."

"நான் இயல்பாத்தானேடா இருக்கேன்?"

"அங்கதான் எல்லாரும் தோத்துப் போறாங்க. நீங்க உங்க இயல்புல இருக்கீங்க. அவங்க இயல்புல இருக்கணும்."

பயிற்சிக்கு நேரம் இல்லாததால் பெரியவண்டி தன் சொந்த இயல்போடேயே வாரியத்துக்குப் போனார்.

கண்ணாடிக் கட்டடம். வாசலில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். காலை போய் மத்தியானம் ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் காதில் ஒரு கருவியும் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகளும் தொங்கிய அளவையாளர் ஒருவர் வந்தார்.

"எப்ப சார் கூப்பிடுவீங்க?"

"முதல் தேர்வு முடிஞ்சுடுச்சு. அந்த நாற்காலிதான் தேர்வு. நீங்க எத்தனை தடவை அசையறீங்க, எப்ப காலை ஆட்டறீங்க, எப்ப எங்களைத் திட்டறீங்கன்னு எல்லாத்தையும் அதுவே குறிச்சுக்கும். உங்க பொறுமையோட அளவு அது."

"பாஸா சார்?"

அளவையாளர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "நீங்க தூங்கிட்டீங்க. அதைப் பொறுமையில சேர்க்கறதா, அலட்சியத்துல சேர்க்கறதான்னு நாற்காலிக்குத் தெரியலை."

அடுத்து ஒரு திரையின் முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் பலூன். பொத்தானை அழுத்தினால் ஊதிப் பெருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு புள்ளி. வெடித்தால் எல்லாப் புள்ளியும் போய்விடும். ஒருவர் எவ்வளவு துணிச்சல்காரர் என்பது இதில் தெரிந்துவிடுமாம். பெரியவண்டி கொஞ்ச நேரம் அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் ஊதலாமே."

"வேண்டாம் சார். இதுவே பரவாயில்லை."

"பயமா இருக்கா?"

"இல்லையே."

"அப்ப ஊதுங்க."

"எதுக்கு சார்?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அளவையாளர் அதற்கான கட்டத்தைத் தேடினார். இல்லை.

மூன்றாவது தேர்வுதான் வாரியத்தின் பெருமை. அதில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள் கிடையாது. நாம் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை இயந்திரமே செய்துகொள்ளும். நம்மை நெருங்கி நெருங்கி வந்து கடைசியில் ஆள் யார் என்று அமுக்கிப் பிடித்துவிடும். ஒரு கேமரா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

'நீங்கள் வண்டி ஓட்டும்போது ஒரு நாய் குறுக்கே வருகிறது. என்ன செய்வீர்கள்?'

"பிரேக் போடுவேன்."

'அது உங்கள் மேலதிகாரியின் நாய்.'

"பிரேக் போடுவேன்."

'அது உங்கள் மேலதிகாரி.'

பெரியவண்டி ஒரு கணம் யோசித்தார். கேமரா அந்தக் கணத்தைக் குறித்துக்கொண்டது. "பிரேக் போடுவேன்."

'அந்த நாய் நீங்கள்.'

"குறுக்க வரமாட்டேன்."

இயந்திரம் நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தார்கள். அணைத்துப் போட்டார்கள். உயிர் வந்ததும் அது மறுபடி நாயிலிருந்து தொடங்கியது. சாயங்காலம் முடிவு வந்தபோது அளவையாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இயக்குநரின் அறைக்குப் போனார்.

கோபம், நடுவில். பயம், நடுவில். பாசம், பொறாமை, துணிவு, பிடிவாதம் எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் வராமல் நட்டநடுவில்.

"இவ்வளவு சாதாரணமா ஒரு மனுஷன் இருக்க முடியாது மேடம். ஏமாத்தறார்."

இயக்குநர் அம்மையார் உயரமானவர், குரலை உயர்த்தாதவர். வெளிநாட்டில் படித்து, அங்கே யாருக்கும் பயன்படாத கருவிகளை இங்கே கொண்டுவந்தவர். "அவசரப்படாதீங்க. கூட வாழறவங்களைக் கேட்போம். அவர் மனைவியை வரச் சொல்லுங்க," என்றார்.

மனைவி மருந்துக் கடைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். தம்பி துணைக்கு வந்தான். நிலைய அதிகாரியும் வந்து, உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க கணவர் கோபக்காரரா?" என்று கேட்டார் இயக்குநர்.

"பரவாயில்லை."

"அன்பானவரா?"

மனைவி கணவனைப் பார்த்தாள். "பரவாயில்லை."

"நம்பிக்கையானவரா?"

"ம்… பரவாயில்லை."

"யோசிச்சுச் சொல்லுங்க. இத்தனை வருஷ வாழ்க்கையை ஒரே வார்த்தையில சொல்லணும்னா?"

"அதைத்தானேங்க மூணு தடவை சொன்னேன்?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இத்தனை நாள் நாம தேடினது இதுதான்," என்று எழுந்தார். "ஒரு மீட்டர்னா எவ்வளவுன்னு காட்ட ஒரு காலத்துல ஒரு கம்பி இருந்துச்சு. ஒரு கிலோன்னா எவ்வளவுன்னு காட்ட ஒரு கட்டி இருந்துச்சு. கண்ணாடிக் கூண்டுல பூட்டி வச்சிருந்தாங்க. மனசுக்கு மட்டும் அப்படி எதுவுமே இல்லாமத்தான் நாங்க லட்சக்கணக்கான பேரை அளந்து முடிச்சிருக்கோம்."

நிலைய அதிகாரி மரியாதையாகக் கேட்டார். "அப்ப இதுவரைக்கும் எதை வச்சு மேடம் அளந்தீங்க?"

"கருவியை வச்சு."

"கருவி சரியா இருக்குன்னு?"

"இன்னொரு கருவியை வச்சு."

"அந்தக் கருவி?"

"முதல் கருவியோட ஒத்துப்போச்சே," என்றார் இயக்குநர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "இனிமே அந்தக் கவலை இல்லை. கோபத்துக்கும் சாந்தத்துக்கும் நடுவுல, சோகத்துக்கும் சந்தோஷத்துக்கும் நடுவுல, பரவாயில்லைங்கிற அந்தப் புள்ளி. அதுதான் மனசோட பூஜ்யம். அது நம்ம முன்னால உயிரோட உட்கார்ந்திருக்கு."

உயிரோடு உட்கார்ந்திருந்தது மெதுவாகக் கேட்டது. "அப்ப நான் பாஸா மேடம்?"

"பாஸ், ஃபெயில் எல்லாம் அளக்கப்படறவங்களுக்கு. நீங்கதான் அளவு."

"சந்தோஷம் மேடம். அப்ப நாளைக்கு வண்டியை எடுக்கலாமா?"

"எடைக்கல்லை எடுத்து யாராவது பந்து விளையாடுவாங்களா?" என்று சிரித்தார் இயக்குநர்.

அன்றைக்கே பதவிப் பெயர் முடிவாயிற்று. பூஜ்யத்தில் இருப்பவர் என்பதால் பூஜ்யர். வாரிய ஊழியர்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும்.

வாசலில் மனைவி காதோடு சொன்னாள். "நான் உங்களைப் பூஜ்யம்னு சொன்னப்பல்லாம் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. இப்ப அரசாங்கமே சொல்லிடுச்சு. மனசை அளக்கறாங்க அளக்கறாங்கன்னு சொன்னீங்க, நல்லாவே அளக்கறாங்க."

"நான் எப்ப வீட்டுக்கு வர்றது?"

அதற்குள் அளவையாளர் வந்து அவரை உள்ளே அழைத்துப்போனார்.

பூஜ்யருக்கு மூன்றாவது மாடியில் கண்ணாடி அறை கொடுத்தார்கள். வெயில், குளிர் எதுவும் மாறாது. உப்பும் உறைப்பும் நீக்கிய சாப்பாடு. செய்தித்தாள் வரும்; கோபமூட்டும் செய்தி, சிரிப்பூட்டும் செய்தி, ஆசைகாட்டும் விளம்பரம் ஆகியவற்றை வெட்டிவிட்டுத் தருவார்கள். நாலு மூலையும் நடுவில் ஓட்டையுமாக அவர் அதைப் பிரித்துப் பிடிக்கும்போது எதிரே நிற்கிற காவலாளி முழுதாகத் தெரிவார். தினமும் காலையில் ஊரில் உள்ள பெட்டிகளோடு தொடர்புடைய தாய்ப்பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்துவார்கள்.

"வணக்கம். உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?"

"பரவாயில்லை."

அந்தக் குரல், அந்த முகம், அந்த மூச்சு, மொத்தத்தையும் பெட்டி உள்வாங்கிக்கொண்டு, அன்றைய பூஜ்யம் என்று ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பும். அதற்குப் பிறகுதான் ஊர் அளக்கப்படும்.

மனைவி பார்க்க வந்தாள். பக்கத்தில் ஒரு மேற்பார்வையாளர்.

"பேசலாம்," என்றார் அவர். "கோபப்படுத்தற மாதிரியோ சந்தோஷப்படுத்தற மாதிரியோ பேசக் கூடாது. அளவு மாறிடும்."

"குழாய்ல தண்ணி வரலைங்க. மேல் வீட்டுக்காரர் இருக்காரே—"

மேற்பார்வையாளர் கையை உயர்த்தினார்.

"சரி. உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துல—"

கை மறுபடி உயர்ந்தது.

மனைவி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "சுவத்துக்கு நல்ல வெள்ளை அடிச்சிருக்காங்க," என்றாள். அதற்குத் தடையில்லை. இருவரும் சுவரைப் பார்த்தபடி மீதி நேரத்தைக் கழித்தார்கள். போகும்போது, "புருஷன்கூடச் சண்டை போடறதுக்கு அனுமதி வாங்கணும்னா, நான் எதுக்குங்க கல்யாணம் பண்ணிக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மேற்பார்வையாளர் அவள் வருகையை மாதம் ஒருமுறையாகக் குறைத்தார்.

அறையில் பெரியவண்டிக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. தூரத்தில் அவருடைய வண்டி கிளம்பினால் மணியோசை மெல்லியதாகக் கேட்கும். அதைச் சின்னவண்டி ஓட்டுகிறார் என்பதும், திருப்பத்தில் கியரை மாற்றத் தாமதிக்கிறார் என்பதும் அவருக்குக் கேட்டே தெரிந்தது. பல்லைக் கடிப்பார். ஒருநாள் மணியோசை வந்த நேரத்தில் அவருடைய நாடித்துடிப்பு ஏறியதைக் கவனித்து ஜன்னலை அடைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாடத் தொடங்கினார். கேட்டால் 'பரவாயில்லை' என்றுதான் சொன்னார். அது முதலில் மெதுவாக வந்தது. பிறகு ஒரு பெருமூச்சோடு வந்தது. பிறகு பெருமூச்சு மட்டும் வந்தது. சொல்லைப் பெட்டியே சேர்த்துக்கொண்டது. பெட்டிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அன்றன்றைக்கு எது வந்ததோ அதுதான் பூஜ்யம்.

ஊரில்தான் விபரீதம் நடந்தது.

முதலில் ஒரு பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லும்போது புன்னகைத்தார், பெட்டி 'மிகை மகிழ்ச்சி' என்று காட்டியது, வகுப்பிலிருந்து வெளியேற்றினார்கள். அடுத்து, பாட்டை முணுமுணுத்தபடி பயணச்சீட்டுக் கிழித்த பேருந்து நடத்துநர். அப்புறம், 'சீக்கிரம் சரியாகிவிடும்' என்று போதிய ஆதாரம் இல்லாமல் நோயாளியிடம் சொன்ன செவிலி. வாரக் கடைசியில் ஊரில் பாதிப் பேர் மகிழ்ச்சிக்காக விடுப்பில் அனுப்பப்பட்டிருந்தார்கள். விடுப்பு கிடைத்த மகிழ்ச்சியில் அவர்கள் அளவு இன்னும் ஏறியது.

இயக்குநர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்.

"மகிழ்ச்சி ஒரு தொற்று மாதிரிப் பரவிட்டிருக்கு. மக்கள் பீதி அடைய வேண்டாம்," என்றவர் சற்று நிறுத்தி, "ஓரளவு பீதி அடைஞ்சா நல்லதுதான். அளவு இறங்கும்," என்றார்.

ஒரு நிருபர் எழுந்தார். "மக்கள் திடீர்னு சந்தோஷமா இருக்க என்ன காரணம் மேடம்? விலைவாசி ஏறியிருக்கு. தண்ணி வரலை."

"காரணமே இல்லாமச் சந்தோஷமா இருக்காங்க. நோயோட அறிகுறியே அதுதான்."

மைத்துனன் பெரியவண்டியைப் பார்க்க வந்தான். புதுச் சட்டை, புதுக் கடிகாரம். முகத்தை மட்டும் தொங்கவிட்டிருந்தான்.

"ஏன்டா ஒரு மாதிரி இருக்கே?"

"தொழில் முகம் மாமா. மையத்துக்குப் பேரை மாத்திட்டேன். இப்ப 'சோகம்'. காலையில ஒரு வகுப்பு, சாயங்காலம் ஒரு வகுப்பு. நிக்க இடமில்லை. பாதிப் பேர் பின்வரிசையில உட்கார்ந்து சிரிக்கறாங்க, அவங்களைத் திருத்தறதுதான் கஷ்டம்." குரலைத் தாழ்த்தினான். "நீங்க உடம்பைப் பார்த்துக்குங்க. இப்படியே இருங்க. தேறிடாதீங்க."

"வண்டி எப்படிடா இருக்கு?"

மைத்துனன் மேற்பார்வையாளரைப் பார்த்தான். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"நிக்குது மாமா. சின்னவண்டியையும் தூக்கிட்டாங்க. ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டப்ப ஏதோ ஜோக்குக்குச் சிரிச்சாங்களாம். மொத்த நிலையமும் விடுப்புல இருக்கு. உங்க அதிகாரி மட்டும்தான் தனியா நிக்கறார். அவருக்கு அளவு எப்பவும் சரியா இருக்கு. வண்டி கொட்டகையில தூசு படிஞ்சு கிடக்கு. சாவியை வாரியம் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

அன்று இரண்டு வேளையும் பெரியவண்டி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தாய்ப்பெட்டியின் முன்னால் அழுதுவிட்டார். பெட்டி அதைப் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டது. அன்றைக்கு ஊரில் சரியான மனநிலையில் இருந்ததாகத் தேறியவர் ஒரே ஒருவர்: சிறுநீரகக் கல்லோடு மருத்துவமனையில் படுத்திருந்த வரி அதிகாரி. அவருக்கு வாரியம் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அதைப் படித்து அவர் மகிழ்ந்துவிட்டதால், மறுநாள் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பெரியவண்டி இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அந்த அடம் அவருடைய அளவைத் தாண்டியது என்பதால் உடனே கூட்டிப்போனார்கள்.

"மேடம், ஊர்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அவங்க எப்பவும் போலத்தான் இருக்காங்க. நான்தான் சோகமா இருக்கேன்."

"இருக்க முடியாது."

"இருக்கேனே மேடம்."

"நீங்க பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழ எப்படிங்க பூஜ்யம் போகும்?" இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "மீட்டர் கம்பி, 'நான் குட்டையாயிட்டேன்'னு சொல்லுமா? சொல்லணும்னா எதை வச்சுச் சொல்லும்? அது குட்டையானா உலகம்தான் நீளமாச்சுன்னு அர்த்தம். அதான் அளவு."

"எனக்கு அழுகை வருது மேடம்."

"வரட்டும். ரொம்ப நடுநிலையான அழுகை அது."

"என்னை வண்டிக்கே அனுப்பிடுங்க. குழாய் சுருட்டச் சொன்னாலும் சுருட்டறேன். அங்கேயிருந்தா வண்டியைப் பார்த்துட்டாவது இருக்கலாம்."

"உங்களை நம்பி ஒரு நாடே இருக்கு," என்றார் இயக்குநர். அளவையாளர் பெரியவண்டியின் தோளைத் தொட்டு மறுபடி மூன்றாவது மாடிக்கு அழைத்துப்போனார்.

ஊரில் வேலை பார்க்க ஆள் குறையக் குறைய, அமைச்சரகம் விழித்துக்கொண்டது. இவ்வளவு பேரை மகிழ்ச்சி பிடித்திருக்கும்போது வாரியத்துக்குள் மட்டும் பிடிக்காமல் இருக்குமா என்று ஓர் அமைச்சர் கேட்டார். அது அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். வாரிய ஊழியர்கள் அனைவரையும், மேலிருந்து கீழாக, வாரியத்தின் கருவிகளாலேயே அளக்க வேண்டும் என்று ஆணை பறந்தது. தேறாதவர்கள் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

அன்று சாயங்காலம் கண்ணாடி அறையின் கதவு திறந்தது. இயக்குநர் தனியாக வந்தார். மேற்பார்வையாளரைத் தேநீர் குடிக்கப் போகச் சொன்னார். தாய்ப்பெட்டியின் மின்கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கினார். கேமராவின் மேல் கைக்குட்டையைப் போட்டார். பிறகு பெரியவண்டிக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

பெரியவண்டி எழுந்தார். "தண்ணி ஏதாவது தரட்டுமா மேடம்?"

"வேண்டாம், உட்காருங்க. எப்படி இருக்கீங்க?"

"சோகமாத்தான் இருக்கேன். ஆனா அப்படி இருக்க முடியாதுன்னு நீங்க சொன்னீங்க."

இயக்குநர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கைப்பையைத் திறந்து, சிவப்பு வில்லை மாட்டிய பெரிய வண்டியின் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"நீங்க சோகமா இருக்கீங்கன்னு எனக்கு முதல் வாரமே தெரியுங்க," என்றார். "பின்வாசலைத் திறந்து வச்சிருக்கேன், உங்க இஷ்டத்துக்கு ஊரைச் சுத்திட்டு நல்லா வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு வாங்க, நாளைக்குக் காலையில முதல் ஆளா அளக்கப்போறது என்னை."